செட்டாகாத தண்ணீர்

கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் பாதிக்கு ஏறியிருந்தபோது ஷகிலா வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"இன்னா தாரணி, இன்னிக்காவது மீன் உடுவியா?"

"இன்னிக்குத்தான்க்கா தண்ணியே விடறேன். மீன் வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும்."

"தண்ணி ஊத்தியாச்சுன்னா மீனை உட வேண்டியதுதானே? அதுக்கும் நாள் நட்சத்திரம் பாக்கணுமா?"

தாரணி சிரித்துவிட்டாள். கொளத்தூரில் அவளுடைய அப்பா வண்ணமீன் மொத்த வியாபாரம் செய்தவர். புதுத் தொட்டி வாங்குகிறவர்கள் அன்றைக்கே மீனும் கேட்டு அடம்பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் அவள். பிறகு நீர் உயிரியல் படித்தாள். இப்போது அவர்கள் நின்றுகொண்டிருந்த 'அமிர்தம்' கோபுரத்தில் ஓடும் தண்ணீர் முழுவதும் அவள் போட்டுக்கொடுத்த திட்டத்தின்படிதான் ஓடியது. வரவேற்புக் கூடத்தில் மீன்தொட்டி வைப்பது அவள் வேலையில் சேர்த்தி இல்லை. அவளாக ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது.

சென்னையில் குழாய்கள் வறண்டு பல வருடங்கள் ஆகியிருந்தன. ஏரிகள் வெடித்துக் கிடந்தன. கடல்நீரைச் சுத்திகரித்துக் கொண்டுவந்த தண்ணீர் வசதியானவர்களின் தெருவோடு நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில்தான், வெளியிலிருந்து ஒரு சொட்டும் கேட்காத கட்டடம் என்று சொல்லிக்கொண்டு அமிர்தம் எழுந்தது. குளித்தது, கழுவியது, கழிவறையில் கொட்டியது, ஏசியில் வடிந்தது எல்லாம் அடித்தளத்துக்கு இறங்கும். அங்கே பீங்கான் சல்லி நிரப்பிய பெரிய பெரிய அறைகளில் பாக்டீரியாக்கள் குடியிருந்தன. அவை தின்று சுத்தம் செய்த தண்ணீர் மறுபடி குழாய்க்கு ஏறும். மீன்தொட்டியின் ஃபில்டரைத்தான் தாரணி ஊருக்கே போதுமான அளவில் பெரிதாக்கியிருந்தாள்.

கட்டடத்துக்காக இடத்தைக் காலி செய்து கொடுத்த ஏரிக்கரைக் குடும்பங்களுக்குத்தான் முதல் வீடுகள் என்று நிர்வாகம் அறிவித்தபோது பத்திரிகைகளெல்லாம் பாராட்டின. ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஷகிலாவும் அப்படி வந்தவள்தான். வீடு வாங்கப்போகும் மற்றவர்கள் இனிமேல்தான் வருவார்கள்.

"அவசரப்பட்டா மீன் செத்துடும்க்கா," என்றாள் தாரணி. "மீன் கழிக்கிறது தண்ணியில அம்மோனியாவா மாறும். அது விஷம். அதைத் தின்னுறதுக்கு ஒரு பாக்டீரியா இருக்கு. ஆனா அது தின்னுட்டு வெளிய விடுற நைட்ரைட்டும் விஷம்தான். ரத்தத்துக்குள்ள போனா மூச்சுக்காத்தை எடுத்துட்டுப் போக விடாது. தண்ணியில காத்து இருக்கும், மீன் மூச்சு முட்டிச் சாகும்."

"அய்ய! அப்பறம்?"

"அந்த நைட்ரைட்டைத் தின்ன இன்னொரு பாக்டீரியா வரணும். அது சோம்பேறி, மெதுவாத்தான் வரும். ரெண்டும் வந்து ஃபில்டர்ல குடியேறினாத்தான் தண்ணி செட்டாச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் நான் தினம் கொஞ்சம் அம்மோனியாவை ஊத்தி அதுங்களுக்குத் தீனி போடுவேன். மீன் இல்லாமலேயே மீன் இருக்கற மாதிரி."

"இவ்ளோ வேலையா! கடைக்காரங்க எல்லாம் இப்டியா பண்றாங்க?"

"இல்லக்கா. சில பேரு விலை கம்மியான, கொஞ்சம் தாங்குற மீனா நாலு போடுவாங்க. அதுங்க கழிவுலயே ஃபில்டர் செட்டாகும். செத்தா செத்தது. பொழைச்சா எடுத்துக் கடையிலயே திருப்பிக் குடுத்துட்டு, ஆசைப்பட்ட மீனை வாங்கி விடுவாங்க. எங்கப்பா கடையில அதுக்கு மட்டும் மீன் தரமாட்டார்."

ஷகிலா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "மூணு மாடிதான் எறங்கி வந்தேன். இங்க வந்ததுலேர்ந்து இப்டித்தான் இருக்கு. தலைவலி வேற. ஏசி பழகலன்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

தொட்டி நிறைந்தது. வேலையை ஆரம்பிக்கும் முன் வெறும் தண்ணீரைச் சோதித்து வைப்பது தாரணியின் வழக்கம். கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, நைட்ரைட்டைக் காட்டும் மருந்தைச் சொட்டுவிட்டுக் குலுக்கினாள். நிறம் மாறாமல் இருக்க வேண்டும்.

தண்ணீர் ரோஜா நிறத்துக்குப் போய், அங்கே நிற்காமல் இன்னும் அடர்ந்தது.

மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். பையிலிருந்து புதுப் புட்டியைப் பிரித்தாள். அதே நிறம். தொட்டிக்குள் இன்னும் எதையுமே போடவில்லை. மீன் இல்லை, அம்மோனியா இல்லை, மணல்கூடக் கழுவிப் போட்டது. நைட்ரைட் எங்கிருந்து வரும்? எழுந்துபோய்க் கூடத்து ஓரத்தில் இருந்த குடிநீர்க் குழாயைத் திறந்து பிடித்தாள். மருந்தைச் சொட்டுவிட்டாள்.

அதுவும் அதே ரோஜா நிறம்.

"அக்கா, இந்தத் தண்ணியா குடிக்கிறீங்க?"

"வேற எந்தத் தண்ணி?" என்றாள் ஷகிலா. நீட்டியிருந்த அவள் கையின் நகங்கள் லேசாக நீலம் பாய்ந்திருந்ததைத் தாரணி அப்போதுதான் கவனித்தாள்.

அடுத்த கணம் அவளுக்குத் தம்பியின் குழந்தை நினைவு வந்தது. சோதனைக் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

தம்பி கோகுலுக்கு இங்கே வீடு வாங்கிக் கொடுத்தது அவள்தான். அவள் கணவன் நரேன் அமிர்தத்தின் இயக்கப் பிரிவுத் தலைவன். கோகுல் ஏரிக்கரைக்காரன் இல்லை என்றாலும், வாடகை வீட்டில் தண்ணீருக்காகக் குடத்தோடு அலைகிறான் என்று சொல்லி அவள்தான் நரேனிடம் கெஞ்சினாள். நரேன் ரொம்ப யோசித்தான். "இப்ப வேணாமே, அப்புறம் பாக்கலாமே," என்று இழுத்தான். அவள் விடவில்லை. கடைசியில், "கைக்குழந்தை எதுவும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுச் சரி என்றான். முதல் குடும்பங்களில் கைக்குழந்தை இருக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. லிஃப்ட் வேலை முடியவில்லை, பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள்.

அப்போது குழந்தை இல்லைதான். கோகுலின் மனைவி சங்கவி பிரசவத்துக்காக அரக்கோணத்தில் தாய்வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. "அண்ணி, அவரு அங்க தனியா இருக்காரு. பாப்பாவைத் தூக்கிட்டு வரலாமா? தண்ணி எல்லாம் ஒத்துக்குமா?" என்று போனில் கேட்டாள். தாரணி அப்போது கோயம்புத்தூரில் அடுத்த கோபுரத்தின் வேலையில் இருந்தாள். "தண்ணிக்கு நான் பொறுப்பு. லிஃப்ட் இல்லாட்டி என்ன, கையில தூக்கிட்டுப் போ. நரேன் காதுல போட வேணாம், விதி அது இதுன்னு பேசுவாரு," என்று அவள்தான் சொன்னாள்.

இப்போது படிகளில் ஏறும்போது அந்த விதியின் அர்த்தம் அவளுக்குப் புரிந்துவிட்டது. நைட்ரைட் கலந்த தண்ணீர் பெரியவர்களை வாட்டும். கைக்குழந்தையைக் கொன்றுவிடும். லிஃப்டுக்கும் குழந்தைக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீரைப் பற்றித் தெரிந்த ஒருவர்தான் அந்த விதியைப் போட்டிருக்க முடியும். அந்தக் கட்டடத்தில் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவருக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

கதவைத் திறந்த சங்கவியின் தோளில் குழந்தை துவண்டு கிடந்தது. "காலையிலேர்ந்து அழவே இல்ல அண்ணி, தூங்கிட்டே இருக்கா," என்றாள். குழந்தையின் உதடும் காதுமடலும் சாம்பல் பூத்த நீலத்தில் இருந்தன. மேசைமேல் பால்பவுடர் டப்பாவும் பாட்டிலும்.

"என்ன தண்ணியில கலந்த?"

"குழாய்த் தண்ணிதான். நல்லாக் கொதிக்க வச்சுத்தான் கலக்கறேன் அண்ணி. இன்னிக்கு ரெண்டு தடவை கொதிக்க வச்சேன்."

கொதிக்க வைத்தால் நைட்ரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். தாரணி அதைச் சொல்லவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் சங்கவி செருப்பில்லாமல் ஓடிவந்தாள். வாசலில் ஷகிலா தன் ஆட்டோவைக் கிளப்பி வைத்திருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது. இளவயது மருத்துவர் ஒரு பார்வை பார்த்தார். "எந்தத் தண்ணி குடுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே மெத்திலீன் நீலம் கொண்டுவரச் சொன்னார். மீனுக்கு நோய் வந்தால் கொளத்தூர்க் கடைகளில் தொட்டியில் ஊற்றும் அதே நீல மருந்து. மெல்லிய ஊசி வழியாக அது குழந்தையின் உடம்புக்குள் இறங்குவதைத் தாரணி பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் உதட்டில் சிவப்பு எட்டிப்பார்த்தது. பிறகு குழந்தை வீறிட்டு அழுதது. சங்கவி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கோகுலும் நரேனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். கோகுல் உள்ளே ஓடினான். நரேன் வெளி நடையில் நின்ற தாரணியிடம் வந்தான். அவன் கையில் வழக்கமான ஸ்டீல் பாட்டில் இருந்தது. தினமும் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோவான். ஆபீஸ் தண்ணீர் தொண்டைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பான். அவளும் ஒவ்வொரு நாளும் நிரப்பிக் கொடுத்திருக்கிறாள்.

"குழந்தை இல்லன்னுதானே சொன்ன?" இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"எப்பலேர்ந்து தெரியும் நரேன்?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். பொய் சொல்ல அவன் முயலவில்லை. அதுவே அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"முதல்லேர்ந்து. நீ சொன்ன மாதிரியே அம்மோனியா ஊத்திப் பாத்தோம். முதல் பாக்டீரியா வந்துடுச்சு. ரெண்டாவது வரவே இல்ல. திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சுட்டாங்க. ஆளுங்க உள்ள வந்து புழங்கினாத்தான் சீக்கிரம் செட்டாகும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க."

"நீ என்கிட்ட செட்டாயிடுச்சுன்னு சொன்ன."

"உண்மையைச் சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? வந்து எல்லாத்தையும் நிறுத்தியிருப்ப."

"ஆமா."

"அதான் சொல்லல."

உள்ளே குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. நரேன் குரலைத் தாழ்த்தினான். "பெரியவங்களுக்கு உயிருக்கு ஆபத்து இல்லாத அளவுதான் தாரணி. நான் தினம் பாத்துட்டுத்தான் இருந்தேன். கைக்குழந்தை இருக்கக் கூடாதுன்னு விதி போட வச்சதே நான்தான். அதுக்கு மேலிடத்துல எவ்ளோ சண்டை போட்டேன் தெரியுமா?"

அவன் அதைப் பெருமையாகவே சொன்னான் என்பது தாரணிக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் கடையில் தொட்டிகளுக்கு நடுவில் நின்று அவனுக்கு இதையெல்லாம் அவள்தான் விளக்கினாள். நைட்ரைட் என்ன செய்யும், குழந்தைகளுக்கு ஏன் ஆகாது என்றெல்லாம். எவ்வளவு கவனமாகக் கேட்கிறான் என்று அப்போது பூரித்துப்போயிருந்தாள்.

"கோகுல்? என் தம்பி அங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமே."

"நீ கேட்டப்போ நான் தயங்கினேனே. ஞாபகம் இல்லையா? முடியாதுன்னா ஏன்னு கேப்ப. என்னன்னு சொல்றது?"

"அவனை அனுப்பறதும் என்கிட்ட காரணம் சொல்றதும்னு வந்தப்போ, அவனை அனுப்பறதே உனக்கு லேசா இருந்துச்சு."

நரேன் பாட்டிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"ஃபில்டர் செட்டானதுக்கு அப்புறம் இவங்கள்ளாம் எங்க போவாங்க?"

"வேற பிளாக்குக்கு மாத்தறதா..."

"எந்த பிளாக்? அடுத்ததா கோயம்புத்தூர்ல நான் கட்டிட்டிருக்கேனே, அதுக்கா?"

அவன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான். பழக்கதோஷத்தில்தான் குடித்திருப்பான். ஆனால் அந்த ஒரு மிடறோடு அவர்கள் வாழ்க்கை முடிந்துவிட்டதாகத் தாரணிக்குத் தோன்றியது. திரும்பி நடந்தாள். அவன் கூப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை வரவேற்புக் கூடத்தில் எல்லாக் குடும்பங்களையும் கூட்டி அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒரு பெரியவர் மட்டும், "எங்களைக் குடியேறச் சொன்ன கூட்டத்துல நீங்கதானேம்மா மைக் புடிச்சுச் சொன்னீங்க, தாய்ப்பால் மாதிரி தண்ணின்னு," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஷகிலாதான் கேட்டாள். "இப்ப அந்த ரெண்டாவது பாக்டீரியா வந்துச்சா இல்லியா?"

"வர ஆரம்பிச்சிருக்குக்கா. காலையில கீழ போய்ப் பாத்தேன். நைட்ரைட் இறங்குது. இன்னும் கொஞ்ச நாள்ல தண்ணி நிஜமாவே சுத்தமாயிடும்."

"ஆனதும் எங்களைத் தூக்கிடுவானுங்க."

"ஆமா."

"நாங்க போயிட்டா?"

"புது ஆளுங்க வர்றதுக்குள்ள தீனி இல்லாம பாக்டீரியா செத்துடும். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

ஷகிலா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இது நம்ம போட்ட தீனியில வளந்தது. நம்ம தலைவலியில வளந்தது. எவன் வந்து காலி பண்ணச் சொன்னாலும் ஒருத்தரும் எறங்காதீங்க. குடிக்க லாரித் தண்ணி வாங்கிக்கலாம். மத்ததுக்கெல்லாம் இதையே பொழங்குவோம்."

அப்படியே செய்தார்கள். நிர்வாகம் லிஃப்ட் வேலையை நிறுத்தியது, ஏசியை நிறுத்தியது. தண்ணீரை மட்டும் நிறுத்த முடியவில்லை; நிறுத்தினால் ஃபில்டர் செத்துவிடும். விஷயம் பத்திரிகைக்குப் போய், நீதிமன்றத்துக்குப் போய், குடும்பங்களை வெளியேற்றத் தடை வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் குழுவும் வந்தது.

குழுவின் முன் நிர்வாகத்தின் வழக்கறிஞர் தாரணியைத்தான் காட்டினார். வடிகட்டியை வடிவமைத்தது அவர், தண்ணீருக்குப் பொறுப்பு என்று மேடையில் அறிவித்தது அவர், விதியை மீறிக் கைக்குழந்தையைக் கொண்டுவரச் செய்ததும் அவரே என்றார். நரேன் சாட்சி சொல்ல வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நிதானமான குரல். "தண்ணீர் விஷயத்தில் முடிவெடுத்தது என் மனைவிதான். அவர் சரி என்று சொன்ன பிறகே குடும்பங்களை அனுமதித்தோம்," என்றான். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் வெட்கம் இருக்குமா என்று அவள் தேடினாள். பத்து வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவன் முகத்தில் எதைத் தேடுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் சங்கவியைக் கூப்பிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து போன பிறகு அவள் தாரணியோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தாரணி நரேனின் வீட்டை விட்டுப் பெண்கள் விடுதியில் போய்த் தங்கியபோதும் கோகுல்தான் எப்போதாவது போன் செய்வான். பேசும்போது பின்னால் குழந்தையின் சத்தம் கேட்கும். உடனே கதவு சாத்தப்படும்.

"தண்ணீர் நல்ல தண்ணீர், குழந்தையைக் கொண்டுவரலாம் என்று உங்களிடம் சொன்னது யார்?" என்று கேட்டார் வழக்கறிஞர்.

சங்கவி தோளில் குழந்தையோடு நின்றாள். எங்கும் பார்க்காமல் சொன்னாள். "அண்ணிதான் சொன்னாங்க."

"நரேன் அவர்கள் சொன்னாரா?"

"இல்லைங்க. அவரு என்கிட்ட பேசினதே இல்ல."

சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று நீதிபதி தாரணியைப் பார்த்தார். கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது. எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கலாம். என்னையும்தான் ஏமாற்றினார்கள் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்திருக்கலாம்.

"இல்லைங்க ஐயா. அவங்க சொன்னது உண்மை," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நீதிமன்றத் தீர்ப்பு பிறகு வந்தது. வீடுகள் ஏரிக்கரைக் குடும்பங்களுக்கே என்றார்கள். நிர்வாகம் அபராதம் கட்டித் தப்பித்தது. தாரணி இனி எந்தக் குடிநீர்த் திட்டத்திலும் வேலை செய்யக் கூடாது என்று தடை விதித்தார்கள். நரேன் கோயம்புத்தூர்க் கோபுரத்துக்குப் பொறுப்பாளனாகப் போனான்.

ஆனால் அன்று, சங்கவி சாட்சி சொன்ன நாளில், இதெல்லாம் யாருக்கும் தெரியாது. விசாரணை முடிந்து தாரணி வெளியே வந்தபோது வாசல் வேப்பமரத்து நிழலில் சங்கவி நின்றுகொண்டிருந்தாள். கோகுல் வண்டியை எடுக்கப் போயிருந்தான். குழந்தை நன்றாகச் சதை போட்டிருந்தது. உதடு செக்கச்செவேலென்று இருந்தது. தாரணி தூரத்திலேயே நின்றுவிட்டாள். சங்கவிதான் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணி, இப்ப குழாய்த் தண்ணி எப்படி இருக்கு?"

முந்தின நாள்கூட ஷகிலாவைக் கொண்டுவரச் சொல்லித் தண்ணீரைச் சோதித்துப் பார்த்திருந்தாள். "சுத்தமா இருக்கு சங்கவி. நைட்ரைட் துளிகூட இல்ல. பாப்பாவுக்கே குடுக்கலாம்."

சங்கவி தலையசைத்தாள்.

"நான் சொன்னா நம்பறியா?" தாரணியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இல்ல அண்ணி," என்றாள் சங்கவி. குரலில் வெறுப்பு இல்லை. "ஆனா நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கணும் போல இருந்துச்சு."

குழந்தை சிணுங்கியது. சங்கவி தெருவைக் கடந்து எதிரே இருந்த கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினாள். மூடியின் சீல் பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அங்கேயே, கடையின் படியில் உட்கார்ந்து பால் கலக்க ஆரம்பித்தாள்.